கழுத்தில் குடியிருந்த தலைவலி

கட்டிலின் தலைமாட்டில் முகம் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள் முகத்தைக் கவிழ்த்துப் படுத்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டைல்ஸ், அதில் ஒரு விரிசல், ஓரமாக ஒரு ஜோடி நீலச் செருப்பு. அந்தச் செருப்பைப் போட்டிருந்தவர் பெயர் ஜெனிஃபர். பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயதுகூட இருக்காது.

மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வலது பக்கம், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து அழுத்தினார். பெரிய அழுத்தம் இல்லை. மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற அளவுதான்.

என் வலது கண்ணுக்குப் பின்னால் தலைவலி எழுந்து உட்கார்ந்தது.

"இதானே சார்?"

"இதேதான்."

விரலை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி வைத்தார். மறுபடி எழுந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற வேலைக்காரன் மாதிரி, ஒன்பது வருஷமாக என்னை ஆட்டிவைத்த வலி, அந்தப் பெண்ணின் கட்டைவிரலுக்கு வந்து வந்து போனது.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு விரலால் காட்ட முடிந்த இடத்தை ஒன்பது வருஷமாக ஒருவன்கூடத் தொட்டுப் பார்க்கவில்லையே என்ற கோபம்.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதலில் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. ஆரணியில் பட்டுக்கடைத் தெருவுக்கு அடுத்த தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் கடை என்னுடையது. பட்டெடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அப்படியே பத்திரிகைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். சில வாரங்களாக ஊரார் செய்த அச்சுப்பிழைகளை எழுதிக் கேலி செய்துகொண்டிருந்தேன். ஒரு வாசகர், "உங்கள் கடையில் பிழையே வந்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் தலைவலியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஊரெல்லாம் வைத்தியர்

எங்கள் ஊரில் தலைவலி என்று வாய் திறந்து சொல்லிப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் தராதவன்கூட வைத்தியம் தருவான்.

முதலில் கண். "பவர் ஏறிடுச்சு சார்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மூன்று கண்ணாடி மாற்றினேன். மூன்றிலும் தலைவலி தெளிவாகத் தெரிந்தது.

அடுத்து சைனஸ். நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடித்தேன். முகம் வெந்தது. வலி வேகவில்லை.

அப்புறம் ஒற்றைத் தலைவலி என்றார்கள். ஒற்றைத் தலைவலி பொய்யில்லை. என் மைத்துனிக்கு இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வாந்தி எடுப்பாள், இருட்டு அறையில் சுருண்டு கிடப்பாள். எனக்கு வெளிச்சமும் ஒன்றும் செய்யாது, வாந்தியும் வராது. என் வலி பிடரியில் கிளம்பும். காதுக்குப் பின்னால் ஏறும். வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். தினமும் அதே ரூட்டு, டவுன் பஸ் மாதிரி. ஆனால் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று யாரும் கேட்கவில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு மாத்திரை எழுதினார்கள். அதைத் தின்று வயிறு புண்ணானது. வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதினார்கள்.

முடிவெட்டும் கடையில், வெட்டி முடித்ததும், கேட்காமலே தாடையையும் பின்மண்டையையும் பிடித்து ஒரு திருப்பு. 'டக்' என்று சொடக்கு விழுந்தது. காத்திருந்தவர்கள் ஆஹா என்றார்கள். அந்த ஆஹாவுக்காகத்தான் அதைச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பத்து நிமிஷம் சுகம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வலி எனக்கு முன்னால் போய் வீட்டு வாசலில் நின்றது.

தேசூர் பக்கம் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போனேன். குப்புறப் போட்டு, எண்ணெயைத் தடவி, முதுகின்மேல் முழங்காலை ஊன்றினார். "மூச்சை விடு, மூச்சை விடு" என்றார். அப்போது விட்ட மூச்சைத் திரும்ப வாங்க இரண்டு நாள் ஆனது.

எல்லாவற்றையும் மிஞ்சியது கல்யாண மண்டபத்தில் நடந்த முகாம். எந்த ஊர்க்காரனோ ஒருவன், கழுத்தைத் திருப்பி வீடியோ எடுத்துப் போடுகிறவன். நோயாளியின் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிடுவான். எதற்குத் தெரியுமா? சொடக்குச் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டுமாம். வலியைக் குறைக்க வந்தவன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் போன ஒரு அம்மாவுக்கு அவன் திருப்பிய திருப்பில் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா, கெட்ட காத்து வெளிய போகுது" என்றான்.

நான் என் செருப்பைத் தேடினேன்.

ஸ்கேனும் எடுத்தேன். 'தேய்மானம்' என்று வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அந்த வார்த்தையைச் சொன்னார். ஐம்பது வயதில் எதுதான் தேயாது? என் பொறுமையும்தான் தேய்ந்திருந்தது. அது படத்தில் விழவில்லை. கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டார்கள்.

பிசியோதெரபி என்ற பெயரிலும் ஒரு இடத்துக்குப் பத்து நாள் போனேன். கழுத்தில் ஈரத் துண்டு மாதிரி எதையோ ஒட்டி, மெஷினைப் போட்டுவிட்டு, அங்கிருந்தவர் வெளியே போய் போன் பார்ப்பார். கரன்ட் வைக்கிறார்களாம். பத்து நாளில் மெஷின் மட்டும்தான் என்னைத் தொட்டது.

செத்தவர் கடைக்கு வந்தார்

என் கடையில் பன்னிரண்டு வருஷமாக டைப் அடித்து, பக்கம் அமைத்துக் கொடுத்தவர் பர்வீன். வீட்டில் பேசுவது உருது. ஆனால் ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் என்னைவிடக் கெட்டி. ஆரணியில் அவர் அமைத்த பத்திரிகையை வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

அந்த ஆவணி முகூர்த்தத்தில் பட்டு வியாபாரி கோதண்டம் வீட்டுப் பத்திரிகை எங்களிடம் வந்தது. கோதண்டம் மணப்பெண்ணுக்குப் பெரியப்பா. குடும்பத்துக்கே மூத்தவர். அவருடைய அப்பா காலமாகிவிட்டார். காலமானவர்கள் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போடுவது வழக்கம். போட்டிருந்தோம்.

கடைசி நேரத்தில் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. "பெரியப்பா பேரு முதல்ல வரணும், தாத்தா பேரு கீழ போகட்டும்."

நான் புரூஃபை எடுத்து, சிவப்புப் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டேன். பெயர்கள் இரண்டும் இடம் மாறின. 'தெய்வத்திரு' மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. வலது கண்ணுக்குப் பின்னால் அன்றைக்கு ஆணி அடித்த மாதிரி வலி.

பர்வீன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, இதை இப்படியே அடிக்கணுமா? இந்த தெய்வத்திரு..."

"ஆரம்பிச்சிட்டியா? போட்டிருக்கறதை அடிம்மா. எனக்குத் தலை வெடிக்குது."

அவர் மறுபடி வாயைத் திறந்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, நல்ல கூட்ட நேரத்தில், கோதண்டம் கடைக்குள் வந்தார். தம்பியும் கூட வந்திருந்தார். கையில் பத்திரிகை.

"யோவ், நல்லா பாத்து சொல்லு. செத்தவன் மாதிரியாய்யா இருக்கேன்?"

'தெய்வத்திரு கோதண்டம் அவர்கள்' என்று பொன்னெழுத்தில் மின்னியது. அவரை அடுத்து, இறந்துபோன அப்பா சுகமாக உயிரோடு இருந்தார்.

கடையே திரும்பிப் பார்த்தது. பர்வீன் எழுந்து வந்தார். கையில் அந்தப் புரூஃப் தாள். என் சிவப்பு அம்புக்குறி அதில் அப்படியே இருந்தது. அவர் அதை யாருக்கும் காட்டவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது.

நான் அந்தத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கசக்கினேன்.

"பன்னெண்டு வருஷமா என்னத்தைக் கத்துக்கினே நீ? கண்ணு எங்க இருந்துச்சு? ஒரு பெரிய மனுஷனைச் சாகடிச்சி வெச்சிருக்கே!"

கசக்கிய தாள் என் சட்டைப் பைக்குள் போனது. எவ்வளவு கவனம் பாருங்கள். தலை வெடிக்கிறவனுக்குச் சாட்சியை மறைக்க மட்டும் தெரிந்திருக்கிறது.

பர்வீன் சார்ஜரிலிருந்து போனைக் கழற்றினார். சாப்பாட்டுப் பையை எடுத்தார். கூட்டத்துக்கு நடுவில் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"பர்வீனை ஏன் காணோம்?" என்று என் மனைவி மல்லிகா கேட்டாள்.

"திமிரு" என்றேன். நடந்ததையும் ஒருவழியாகச் சொன்னேன். அம்பு போட்டது யார் என்பதையும் சொன்னேன். கடைசியில், "தலைவலியில கத்திட்டேன், என்ன பண்ணச் சொல்றே?" என்றேன்.

மல்லிகா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்துக்கொண்டே இருந்தாள்.

கேள்வி கேட்ட கை

ஜெனிஃபரிடம் நான் போனது நம்பிக்கையால் இல்லை. என் மாமியாரின் தோள்பட்டை அவரிடம் சரியானது. கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெருமை பொறுக்க முடியாமல் போனேன். மருந்துக்கடை மாடியில் ஒரே ஒரு அறை. எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். இவள் என்ன கிழித்துவிடப்போகிறாள் என்றுதான் படியேறினேன்.

முதல் அரைமணி நேரம் என்னைத் தொடவே இல்லை. கேள்விதான். தலை சுற்றுமா? பார்வை ரெண்டாகத் தெரியுமா? பேச்சு குழறுமா? கை மரத்துப்போகுமா? என்றைக்காவது இடி விழுந்த மாதிரி திடீரென்று வலித்ததா? காய்ச்சல் உண்டா? எங்கேயாவது விழுந்தீர்களா? பி.பி. பார்த்தார். ஸ்கேனை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் இப்படித்தான் சார் இருக்கும்" என்று மடித்துக் கொடுத்தார்.

"இத்தனை கேள்விக்குப் பொண்ணு பாக்கப் போயிருக்கலாம்" என்றேன்.

"இதுல ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் கை வெச்சிருக்க மாட்டேன் சார். நேரா வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்."

மல்லாக்கப் படுக்க வைத்தார். தலையை இரு கையாலும் ஏந்தி, தாடை நெஞ்சில் படுகிற அளவுக்கு முன்னால் மடக்கினார். அப்படியே இடது பக்கம் திருப்பினார். போனது. வலது பக்கம் திருப்பினார். பாதி வழியில் கதவு சாத்தியிருந்தது. அப்படி ஒரு கதவு என் கழுத்தில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் என்னைக் குப்புறப் போட்டு, முதலில் சொன்ன அந்தக் கட்டைவிரல் வித்தை.

"கழுத்துல இருக்கறது கண்ணுக்கு எப்படிம்மா போகும்?" என்று ஓட்டைக்குள்ளிருந்து கேட்டேன்.

"கழுத்தோட மேல் எலும்புங்ககிட்ட இருந்து வர்ற நரம்பும், கண்ணு, நெத்திப் பக்கம் இருந்து வர்ற நரம்பும் உள்ள ஒரே எடத்துல போய்ச் சேருது சார். எந்தப் பக்கத்துல இருந்து தகவல் வந்துச்சின்னு மூளைக்குக் குழம்பிடுது. கழுத்து கத்துது, நீங்க கண்ணைப் புடிச்சிகினு உக்காந்துகினு இருக்கீங்க."

"அப்ப ஒரு சொடக்கு எடுத்துவிட்டுடுங்களேன்."

"மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ரெண்டு அந்த எலும்போட ஓட்டைக்குள்ளாறதான் பூந்து போகுது. உங்களுக்கு சத்தம் கேக்கணும்னா பட்டாசு வாங்கிக்கங்க சார்."

என்னைவிட நக்கலாகப் பேசுகிற ஒரு ஆளை அந்த வயதில் நான் எதிர்பார்க்கவில்லை.

துண்டும் தலையாட்டலும்

வைத்தியம் என்று அவர் செய்ததைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும். அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அமுக்கி விடுவார், அமுக்கி விடுவார். தொட்டில் ஆட்டுகிற தாளத்தில். பிறகு என் தலைமாட்டில் உட்கார்ந்து, பின்மண்டையின் விளிம்புக்குக் கீழே எட்டு விரல் நுனிகளையும் நிறுத்தி, அதன்மேல் என் தலையை வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். ஒன்றும் செய்யமாட்டார். மூன்று, நான்கு நிமிஷத்தில் என் தலையின் பாரமே உள்ளே இறுகிக்கிடந்ததை இளக்கிவிடும். கீழே மருந்துக்கடையில் மாத்திரை அட்டை கிழிக்கிற சத்தம் கேட்கும். எனக்குத் தூக்கம் வரும். இதற்கா படிப்பு, இதற்கா பட்டம் என்று தூக்கத்திலும் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, குளிக்கிற துண்டின் ஓரத்தைக் கழுத்தின் மேல்பகுதியில் கொடுத்து, கன்னத்தை ஒட்டி முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலி இல்லாத அளவுக்குத் தலையைத் திருப்புவது. இன்னொன்று, மல்லாக்கப் படுத்து, 'சரி' என்று சொல்கிற மாதிரி தாடையைத் துளி தாழ்த்தி, பத்து எண்ணும் வரை நிறுத்துவது. கழுத்தின் முன்பக்கத்தில், உள்ளே ஒளிந்திருக்கும் தசைகள் சோம்பேறி ஆகிவிட்டனவாம். அவற்றை வேலைக்கு இழுக்க வேண்டுமாம்.

நான் செய்யவில்லை. செய்தேன் என்று சொன்னேன்.

ஜெனிஃபர் பி.பி. பார்க்கிற பட்டையை மடித்து என் கழுத்துக்கு அடியில் வைத்து, லேசாகக் காற்றடித்தார். "இப்ப தாடையைத் தாழ்த்துங்க. முள்ளு ஒரே ஒரு கோடு ஏறணும். அப்படியே நிக்கணும்."

முள் ஏறவில்லை. பிறகு எகிறிக் குதித்தது. பிறகு நடுங்கியது.

"எத்தனை நாள் செஞ்சீங்க சார்?"

"தினம்."

"முள்ளு வேற மாதிரி சொல்லுதே." குரலில் கோபம் இல்லை. "உங்க கழுத்துக்கு நான் வாரத்துல ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் நீங்கதான். நீங்க ஏமாத்தணும்னா நான் வேணாம் சார், வீட்லயே ஏமாத்திக்கலாம்."

பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன், ஆட்களைத் திட்டியிருக்கிறேன். திட்டாமல் ஒருவர் என்னைக் கூசிப்போக வைத்தது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து செய்தேன். கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் மாதிரிப் பத்திரிகைகள் ஒட்டிய பழைய ஆல்பங்களை அடுக்கி, கண் மட்டத்துக்கு ஏற்றினேன். கொக்கு மாதிரி கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதையும் அந்தப் பெண்தான் கடைக்கு வந்து பார்த்துச் சொன்னார்.

ஒரே நாளில் மாயமாக எதுவும் நடக்கவில்லை. வலி வருகிற நாட்கள் குறைந்தன. வந்தாலும் சீக்கிரம் போனது. ஒரு மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

களம்பூர்

"தலைவலிதான் போயிடுச்சே. இப்பவாவது பர்வீனைப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் மல்லிகா.

எனக்கும் ஆசைதான். உண்மையைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது. காரணம் கையில் கிடைத்துவிட்டதே! அதுவும் டாக்டரிடம் காட்டக்கூடிய காரணம், எலும்பிலும் நரம்பிலும் இருக்கிற காரணம். ஒரு ஸ்வீட் பாக்ஸையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பர்வீன் களம்பூரில் ஒரு அரிசி ஆலை ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தார். அவித்த நெல் வாசனை தெரு முனையிலேயே வந்தது. வெளியே லாரி ஒன்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. மேசை, கீபோர்டு, பர்வீனின் தலைத்துணி, எல்லாவற்றிலும் மெல்லிய தவிட்டுத் தூசி.

"வாங்கண்ணே" என்று எழுந்து நாற்காலி போட்டார்.

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் கொட்டினேன். "கழுத்துலதாம்மா இருந்திருக்கு. ஒரு பயலுக்கும் தெரியல. இப்ப சுத்தமா சரியாயிடுச்சு. அன்னிக்கு நான் நானாவே இல்லம்மா. பேசினது தலைவலி. மனசுல வெச்சுக்காத. நாளைக்கே வந்துடு."

பர்வீன் அடித்துக்கொண்டிருந்த பில்லை முடித்து, பிரிண்டரிலிருந்து எடுத்து, லாரிக்காரரிடம் கொடுத்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"வலி போனதுல சந்தோஷம்ணே. நெசமாத்தான் சொல்றேன். நீங்க கஷ்டப்பட்டதை நானும் பாத்துகினுதானே இருந்தேன். ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அன்னிக்குக் கோதண்டம் ஐயாகிட்ட எப்படிப் பேசுனீங்க?"

"எப்படின்னா?"

"நாற்காலி போட்டீங்க. குடிக்கக் கலர் வாங்கியாரச் சொன்னீங்க. ஐயா, ஐயான்னு சிரிச்சிகினே பேசுனீங்க. அப்பவும் அதே தலைதானேண்ணே வலிச்சிகினு இருந்துச்சு?"

லாரியில் மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

ஒன்பது வருஷத்தில் எத்தனை பேர் என்னைச் சோதித்தார்கள்! கண்ணில் விளக்கடித்தார்கள், காந்த மெஷினுக்குள் தள்ளினார்கள். இப்படி ஒரு சோதனையை ஒருவரும் வைக்கவில்லை. தலை வெடித்த நாட்களிலெல்லாம் நான் வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பேங்க் மேனேஜரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். யாரிடம் வலிக்க வேண்டும், யாரிடம் வலிக்கக் கூடாது என்று என் தலைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"நீ ஆரணியிலயே வேற கடைக்குப் போயிருக்கலாமேம்மா" என்றேன்.

"போனேண்ணே. மூணு எடத்துக்குப் போனேன். 'கோதண்டத்தைச் சாகடிச்சது நீதானா?'ன்னு சிரிச்சாங்க. அப்புறம் சொல்லி அனுப்பறேன்னாங்க." தூசி படிந்த கீபோர்டைத் துணியால் துடைத்தார். "எனக்கு இங்க ஒண்ணும் கொறைச்சல் இல்ல. நான் வர மாட்டேன். ஆனா ஒண்ணு. எங்கிட்ட வந்து சொல்றதுல ஒண்ணும் இல்லண்ணே, எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

ஸ்வீட் பாக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் இருக்கும்போதே மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கதைக்குப் பெண்தான் வேண்டுமாம்

கோதண்டம் தன் கடையில் வெள்ளை மெத்தையின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு குடும்பம் பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். அம்புக்குறி போட்டது நான். பர்வீன் வந்து கேட்டார். அடி என்று சொன்னது நான். தாளைக் கசக்கியதும் நான்.

"நீயா?" என்றார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். "விடுய்யா! போற கல்யாணத்துலல்லாம் நான் இதைத்தானே சொல்லிகினு இருக்கேன். 'ஒரு பொண்ணு என்னைச் சாகடிச்சா. நான் நேர்ல போயி நின்னதும் மயக்கம் போட்டு விழுந்தா'ன்னு. ஜனங்க என்னா சிரிப்பு சிரிக்கறாங்க தெரியுமா?"

"அவ மயக்கம் போடலைங்களே."

"தெரியும்யா. கதைக்கு ஒரு ருசி வேணாமா? பொண்ணுன்னாத்தான் எடுபடுது. நரைச்ச மீசைக்காரன் ஒருத்தன் தப்பா கோடு போட்டான்னா எவன்யா சிரிப்பான்?"

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கதையை அவர் கையில் கொடுத்தவனே நான்தான். இருந்தாலும் இன்னொரு தடவை, புடவை பார்க்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு என்னுதுங்க. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. இனிமே அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். எல்லோரும் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா, "இதுலயே மயில்கழுத்து கலர் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

வெளியே வந்து, வெயிலில் நின்றுகொண்டே பர்வீனுக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டேம்மா."

"யார் யார் இருந்தாங்கண்ணே?"

"அவரு, வேலை செய்யற ரெண்டு பேரு, புடவை எடுக்க வந்தவங்க. ஒரு ஆறு பேரு இருக்கும்."

அந்தப் பக்கம் ஆலை ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நம்ம கடையில பதினோரு பேருண்ணே" என்றார் பர்வீன்.

நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பி, பழைய ஆர்டர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கோதண்டமும் அவர் தம்பியும் சேர்ந்து இரண்டு. தம்பி வீட்டுக்கு மறுநாளே போய்ச் சொன்னேன். பத்திரிகை மாடல் பார்க்க வந்திருந்த ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும்; தேடிப் பிடித்துச் சொன்னேன். வாத்தியார் அந்தச் சம்பவத்தையே மறந்துவிட்டேன் என்றார். அவர் மனைவி மறக்கவில்லை. "அந்தப் பொண்ணு அழுதுகினு போறதை நான் படியில பாத்தேன்" என்றார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்திருந்தார், அவரிடமும் சொன்னேன். பர்வீன் வேலை கேட்ட பத்திரிகைக் கடைகள் மூன்றிலும் போய்ச் சொன்னேன். அது பதினொன்றில் சேராது, ஆனாலும் சொன்னேன்.

ஐந்து பேர் ஆயிற்று. மற்றவர்கள் வெளியூர். பெயரும் தெரியாது, முகமும் நினைவில்லை. அவமானப்பட்டவருக்கு எண்ணிக்கை நினைவிருக்கிறது. அவமானப்படுத்தியவனுக்கு ஐந்துக்குமேல் எண்ண வரவில்லை.

இதை இங்கே எழுதுவதற்கு முன் பர்வீனிடம் கேட்டேன், பெயரைப் போடலாமா என்று. "போடுங்கண்ணே. தப்பில்லாம போடுங்க" என்றார்.

ஒரு ஆவணி மாதத்து முற்பகலில், ஆரணியில், கல்யாணப் பத்திரிகைக் கடையொன்றில், ஒரு பெண்ணை முதலாளி திட்டியதை நின்று பார்த்த ஆறு பேரில் யாராவது இந்த இதழைப் படிக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. படித்தால், இது உங்களுக்கு. அந்தப் பிழை என்னுடையது. பர்வீன் அதை அச்சுக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிட்டார், என்னிடம் வந்து கேட்டார். நான் பேசவிடவில்லை.